முயற்சியும் பலனும்: மூளை எழுதும் வரவு செலவுக் கணக்கு

மலைமேல் அமைந்த ஆலயத்தின் அடிவாரத்தில் நின்று படிகளை அண்ணாந்து நோக்கும் முதியவர் ஒருவரின் உள்ளத்தில் ஓசையின்றி ஒரு கணக்கு நடைபெறுகிறது. படிகள் எத்தனை, முழங்கால் தாங்குமா, வெயில் ஏறுமுன் இறங்க இயலுமா என்பன ஒரு தட்டில் வைக்கப்படுகின்றன. மேலே கிட்டும் தரிசனமும், வீடு திரும்பிய பின்னும் மனத்தில் நிற்கும் நிறைவும் மறு தட்டில் வைக்கப்படுகின்றன. எந்தத் தட்டு தாழ்கிறதோ அதன்படி கால் நகர்கிறது, அல்லது நின்றுவிடுகிறது. பெரும்பாலும் இக்கணக்கு முடிந்ததை அவரே அறிவதில்லை.

மலைப்படிக்கு மட்டுமல்ல, நாற்காலியிலிருந்து எழுந்து தண்ணீர் எடுத்து வருவதற்கும், பேரனின் தொலைபேசி அழைப்பை ஏற்பதற்கும், நாளிதழை விரிப்பதற்கும் இதே தராசுதான் பயன்படுகிறது. மனித மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடே. ஆனால் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது பெற்றுக்கொள்கிறது. இவ்வளவு செலவாளியான ஓர் உறுப்பு, உடலின் உழைப்பை எங்கே இடுவது, எங்கே சேமிப்பது என்பதில் கடும் சிக்கனம் காட்டுவதில் வியப்பில்லை.

இத்தராசு சரியாக இயங்கும்வரை யாரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அது பழுதுபடும்போதுதான் இல்லங்களில் துன்பம் தொடங்குகிறது. நாள்தோறும் விடியலில் நீராடிக் கோயிலுக்குச் சென்று வந்தவர், ஒருநாள் முதல் திண்ணையைவிட்டு நகர்வதில்லை. வலி இல்லை, அழுகை இல்லை, கோபமும் இல்லை. கேட்டால், “போகலாம், பார்க்கலாம்” என்பதோடு சரி. மகன் அதனைச் சோம்பல் என்கிறான்; மருமகள் பிடிவாதம் என்கிறாள்; மனைவி, வயதாகிவிட்டது என்று பெருமூச்செறிகிறாள். மூவரும் தவறாக இருக்கக்கூடும். பழுதடைந்தது அவரது குணமன்று, மூளையின் தராசு என்பதற்குக் கடந்த எழுபது ஆண்டு ஆராய்ச்சி தரும் சான்றுகள் பலவாகும்.

சர்ப்பகந்தாவும் அசையாத முயல்களும்

இவ்வாராய்ச்சியின் வேர் ஒன்று பாரத மண்ணில் உள்ளது. சர்ப்பகந்தா என்னும் மூலிகையின் வேரை ஆயுர்வேத மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்னும் பொருளை 1952-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தாக அது உலகெங்கும் பரவியது.

சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன், 1950-களின் பிற்பகுதியில் இந்த ரிசர்பினை முயல்களுக்குச் செலுத்தினார். அவை விழித்தபடியே அசைவற்றுக் கிடந்தன. பின்னர் லெவோடோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. லெவோடோபா, மூளைக்குள் சென்று டோபமின் என்னும் வேதிப்பொருளாக மாறுகிறது. ரிசர்பின், மூளையில் இருந்த டோபமினை வற்றச் செய்தது. லெவோடோபா அந்த ஊற்றை மீண்டும் நிரப்பியது. உடலை அசைப்பதற்கு டோபமின் இன்றியமையாதது என்பது அவ்வாறு வெளிப்பட்டது. 1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் விவரித்த நடுக்குவாத நோய்க்கு இன்றளவும் தலையாய மருந்தாக லெவோடோபா விளங்குகிறது. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

ஆயுர்வேதத்தில் பழக்கமான பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உள்ளது. எனினும் விதைக்கு விதை அதன் அளவு மாறுபடும். பிற மருந்துகளோடு சேர்ந்து தீங்கும் விளைக்கக்கூடும். ஆகவே மருத்துவர் சொல்லின்றி அதனை உட்கொள்ளலாகாது.

எலியின் முன் ஒரு தடுப்பு

டோபமின் என்பது இன்பத்தைத் தரும் பொருள் என்றே பலரும் எழுதியும் பேசியும் வருகின்றனர். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜான் சாலமோன் என்னும் ஆய்வாளர் 1990-களில் நடத்திய சோதனைகள் அந்த எண்ணத்தைத் திருத்தின.

அவர் இரு கிளைகளாகப் பிரியும் பாதை ஒன்றை எலிகளுக்காக அமைத்தார். ஒரு கிளையின் முடிவில் உணவு உருண்டைகள் மிகுதியாக இருந்தன. ஆனால் அங்கே செல்ல 44 சென்டிமீட்டர் உயரமுள்ள கம்பித் தடுப்பு ஒன்றில் ஏறிக் கடக்க வேண்டும். மறு கிளையில் உருண்டைகள் குறைவு, தடுப்பு ஏதுமில்லை. நலமான எலிகள் தடுப்பை ஏறிக் கடந்து மிகுந்த உணவையே நாடின. மூளையின் குறிப்பிட்ட ஒரு பகுதியில் டோபமின் குறைக்கப்பட்ட எலிகளோ, எளிய வழியில் சென்று குறைந்த உணவோடு நிறைவுற்றன.

அவற்றுக்கு ஏறும் வலிமை இல்லையோ என்று ஐயம் எழலாம். எளிய வழியிலிருந்த உணவை முற்றிலும் நீக்கியபோது, அதே எலிகள் தடுப்பின் மேல் ஏறிச் சென்றன. அப்படியாயின் மிகுந்த உணவில் அவற்றுக்கு விருப்பம் குன்றிவிட்டதோ? தடுப்பை அகற்றியபோது அவை மிகுந்த உணவுள்ள பக்கத்தையே தேர்ந்தெடுத்தன. வலிமையும் இருந்தது, விருப்பமும் இருந்தது. இரண்டையும் இணைத்து, “இதற்காக இவ்வளவு உழைக்கலாம்” என்று தீர்ப்பளிக்கும் இடத்தில்தான் குறை நேர்ந்திருந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் இதற்கு இணையான உண்மை ஒன்றைக் கண்டார். டோபமின் பெரும்பாலும் அழிந்துபோன எலிகளின் நாவில் சர்க்கரைக் கரைசலை இட்டபோது, இனிப்பைச் சுவைக்கும் முகக்குறிகள் அவற்றிடம் மாறாமலே இருந்தன. சுவைப்பது வேறு, அதனை நாடிச் செல்வது வேறு என்பது இதனால் தெளிவாயிற்று. தானே எழுந்து இனிப்பைத் தேடாத முதியவர், கையில் கொடுத்தால் மகிழ்ந்து உண்பதன் காரணமும் இதனோடு தொடர்புடையதே.

எதிர்பார்ப்பு என்னும் அளவுகோல்

செலவுத் தட்டுக்கு எதிரே நிற்பது எதிர்பார்க்கும் பலன். அந்தப் பலனை மூளை எவ்வாறு கற்றுக்கொள்கிறது என்பதைக் காட்டியவர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். சுவிட்சர்லாந்தில் அவர் குரங்குகளுக்குப் பழச்சாறு அளித்து, அவற்றின் டோபமின் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அணுக்கள் விரைந்து துடித்தன. சாறு வருமுன் ஓர் அடையாளம் தவறாமல் காட்டப்பட்டபோது, சில நாட்களில் துடிப்பு சாற்றைவிட்டு அந்த அடையாளத்துக்கு இடம்பெயர்ந்தது. அடையாளம் காட்டியும் சாறு வராதபோது, அது வந்திருக்க வேண்டிய அதே நொடியில் துடிப்பு தாழ்ந்தது.

பீட்டர் தயான், ரீட் மான்டேக் ஆகியோருடன் ஷுல்ட்ஸ் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இதனைக் கணித வடிவில் விளக்கியது. கிடைத்த பலனை அன்று, கிடைத்த பலனுக்கும் எதிர்பார்த்த பலனுக்கும் உள்ள வேறுபாட்டையே இந்த அணுக்கள் அறிவிக்கின்றன என்பது அதன் சாரம். ஆலய மணியோசை கேட்டவுடனே, தீபாராதனையைக் காணுமுன்பே, அடியார் உள்ளம் கிளர்ச்சியுறுவதை இக்கண்டுபிடிப்பின் துணையால் ஓரளவு உணரலாம். அடையாளமே பலனின் முன்தூதன் ஆகிவிடுகிறது. ஷுல்ட்ஸ், தயான், ரே டோலன் ஆகிய மூவரும் இத்துறைப் பணிக்காக 2017-ஆம் ஆண்டின் மூளைப் பரிசைப் பெற்றனர்.

மாலையில் தராசு மாறுவது ஏன்?

ஒரே மனிதரின் தராசு காலையிலும் மாலையிலும் ஒன்றுபோல் நிற்பதில்லை. பாரிஸ் நகர ஆய்வாளர்கள் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேலாகக் கடினமான மனப்பணியும், மற்றொரு குழுவினருக்கு எளிய பணியும் அளிக்கப்பட்டன. கடினப் பணி செய்தவர்களின் நெற்றிப்புற மூளையில் குளுட்டமேட் என்னும் பொருள் கூடுதலாகத் தேங்கியிருந்தது. நாளின் முடிவில் அவர்கள், உழைப்புக் குறைந்ததும் உடனே கிடைப்பதுமான பலன்களையே மிகுதியாக நாடினர். முதுமையில் கணக்கு வழக்கு, மருத்துவரைக் காணுதல், முக்கியமான முடிவுகள் ஆகியவற்றைக் காலைப் பொழுதில் வைத்துக்கொள்வது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

தராசு பழுதுறும்போது

ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் மசூத் உசேனும் அவர் குழுவினரும் 2013-ஆம் ஆண்டில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். நாற்பது வயதைக் கடந்திருந்த அவருக்கு, மூளையின் ஆழத்தில் இருபுறமும் சிறிய அளவில் பக்கவாதத் தாக்குதல் நேர்ந்திருந்தது. கைகால்கள் நன்றாக இருந்தன; நினைவாற்றல் இருந்தது; பேச்சும் இருந்தது. ஆயினும் எதிலும் நாட்டம் இல்லை. பணியை இழந்தார், அதனைப் பற்றிய கவலையும் அவருக்கு இல்லை. விரைந்து செயற்பட்டால் மிகுந்த பணம் கிட்டும் என்று வைக்கப்பட்ட சோதனையிலும் அவர் விரைய முற்படவில்லை. டோபமின் போலச் செயற்படும் மருந்து அளிக்கப்பட்ட பின்னர் பலனை நாடும் இயல்பு அவரிடம் திரும்பியது. அவர் மீண்டும் வேலை தேடிக்கொண்டார். இம்மருந்து எல்லோருக்கும் இவ்வாறு பயனளிக்கும் என்று கொள்ளலாகாது. ஆனால் ஒன்று உறுதி: அம்மனிதர் சோம்பேறியாக மாறியிருக்கவில்லை.

நடுக்குவாத நோயாளிகளிடம் நடத்தப்பட்ட சோதனை ஒன்றும் குறிப்பிடத்தக்கது. திரையில் ஒரு மரமும் அதில் ஆப்பிள் பழங்களும் தோன்றும். கைப்பிடிக் கருவி ஒன்றை அழுத்தினால் பழம் கிட்டும். பழம் மிகுந்தால் பலன் மிகும். அவரவரின் உச்ச வலிமைக்கு ஏற்பவே அழுத்தத்தின் அளவு வகுக்கப்பட்டது. ஆகவே வலிமைக் குறைவு என்ற காரணம் அங்கே எழவில்லை. டோபமின் மருந்து உட்கொண்டிருந்த வேளையில் நோயாளிகள் அதே பலனுக்காகக் கூடுதலாக உழைக்க முன்வந்தனர். மருந்து நிறுத்தப்பட்ட வேளையில் தயங்கினர். 2015-ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்விலும் மாறியது, முயற்சிக்கும் பலனுக்கும் இடையிலான தீர்ப்புதான்.

இந்த நிலையை மருத்துவர்கள் ‘ஏபதி’ என்பர்; தமிழில் நாட்டமின்மை எனலாம். நடுக்குவாத நோயாளிகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினரிடம் இது காணப்படுகிறது. அல்சைமர் மறதி நோயிலும், பக்கவாதத்துக்குப் பின்னும் இது மிகுதி. சிலருக்கு மறதியோ நடுக்கமோ வெளிப்படுவதற்கு முன்னரே இது தோன்றிவிடுகிறது. முதல் அறிகுறியாக வருவதைச் சோம்பல் என்று தள்ளிவிட்டால், நோயை உரிய காலத்தில் அறியும் வாய்ப்பும் தவறிப்போகிறது.

மனச்சோர்வினின்றும் இதனைப் பிரித்தறிதல் வேண்டும். மனச்சோர்வு உற்றவரிடம் துயரம், குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை ஆகியவை இருக்கும். தம் நிலைக்காக அவர் வருந்துவார். நாட்டமின்மை உற்றவரிடம் இத்துயரம் இருப்பதில்லை. அவர் அமைதியாக அமர்ந்திருப்பார், வருந்துவோர் சுற்றத்தாரே. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. இரண்டுக்கும் மருத்துவம் வெவ்வேறு ஆதலால், பிரித்தறிவது மருத்துவரின் பணி. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு, உறக்கக் குறைவு, காது மந்தம், உட்கொள்ளும் மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் ஒருவரை முடக்கிப்போடக் கூடும். எனவே இவற்றையும் சோதித்தறிதல் வேண்டும்.

மறுபுறம் சாயும் ஆபத்து

தராசு மறு திசையிலும் சாயக்கூடும். டோபமின் போலச் செயற்படும் சில மருந்துகளை உட்கொள்ளும் நோயாளிகளுள் சிலர், அதுவரை இல்லாத வகையில் சூதாட்டத்திலும், அளவுகடந்த பொருள் வாங்குதலிலும், அடங்காத உண்ணுதலிலும் ஈடுபடுகின்றனர். வாழ்நாள் முழுவதும் சிக்கனமாக இருந்து சேர்த்த வைப்புநிதி சில மாதங்களில் கரைவதும் உண்டு. வெட்கத்தால் நோயாளி மறைப்பார்; குடும்பத்தார் ஒழுக்கக்கேடு என்று எண்ணிக் கடிந்துகொள்வர். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றியமைத்தால் பெரும்பாலும் இது தணிந்துவிடும். இத்தகைய மருந்து எழுதித் தரப்படும்போதே இதனைக் கேட்டறிவதும், முதல் சில மாதங்களில் வங்கிக் கணக்கை வீட்டார் ஒருவர் உடனிருந்து கவனிப்பதும் நலம். மருந்தைத் தாமாக நிறுத்துதல் மட்டும் கூடாது.

முதுமை தரும் ஒரு வரம்

நோயற்ற முதுமையிலும் மூளையில் டோபமினை ஏற்கும் வாயில்கள் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு வரை குறைந்துகொண்டே வருகின்றன. எனினும் முதியோருக்கு மகிழ்ச்சி தரும் ஓர் ஆய்வு 2021-ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து வெளிவந்தது. பேட்ரிசியா லாக்வுட் என்னும் ஆய்வாளரின் குழுவினர், இளையோரையும், 55 முதல் 84 வயது வரையிலான மூத்தோரையும் கைப்பிடிக் கருவியை அழுத்தச் செய்தனர். சில வேளைகளில் பலன் அவருக்கே. சில வேளைகளில் முகமறியாத மற்றொருவருக்கு. இளையோர் தமக்காக உழைத்த அளவுக்குப் பிறருக்காக உழைக்கவில்லை. மூத்தோரிடம் இந்த வேறுபாடு குறைந்திருந்தது. பிறருக்காக உழைக்க இளையோரைக் காட்டிலும் அவர்கள் மிகுதியாக முன்வந்தனர். ‘எனக்கு’ என்னும்போது நகர மறுக்கும் தட்டு, ‘அவருக்கு’ என்னும்போது நகர்கிறது.

மற்றோர் உண்மையும் உண்டு. உழைப்பு எப்போதும் செலவாகவே எழுதப்படுவதில்லை. தன் கையால் செய்த பொருளை மனிதன் கூடுதலாக மதிப்பிடுகிறான் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கடையில் வாங்கிய மாலையைவிடத் தாமே தொடுத்த மாலை உயர்வாகத் தோன்றுவதும், வாகனத்தில் சென்ற தரிசனத்தைவிட நடந்து சென்ற தரிசனம் நெஞ்சில் நிற்பதும் இவ்வகையே. இங்கே செலவே வரவாக மாறுகிறது. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்க என்னும் கீதையின் அறிவுரையை அறிவியல் நிறுவவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆயினும் செயலிலேயே நிறைவு காணப் பழகியவருக்குப் பலனின் தட்டு இலேசானாலும் கை ஓய்வதில்லை என்பது அனுபவம் காட்டும் உண்மை.

இல்லத்தார் செய்யத்தக்கவை

தராசின் இயல்பை அறிந்தால், உதவும் வழியும் புலப்படும். முதலாவது, செலவுத் தட்டின் சுமையைக் குறைத்தல். காலணியும் கைத்தடியும் வாயிலருகே இருக்கட்டும். அணிய வேண்டிய வேட்டியோ புடவையோ முன்னிரவே எடுத்து வைக்கப்படட்டும். “கோயிலுக்குப் போகலாமா?” என்னும் பெரிய வினாவைவிட, “தெருமுனை வரை வாருங்கள்” என்னும் சிறிய அழைப்பு எளிதில் ஏற்கப்படும். தெருமுனையை அடைந்தபின் அடுத்த அடிக்கு முதலடி அளவு முயற்சி வேண்டுவதில்லை.

இரண்டாவது, பலனை அருகே கொண்டுவருதல். “நடந்தால் உடலுக்கு நல்லது” என்பது தொலைவிலுள்ள பலன். “வழியில் உங்கள் நண்பர் காத்திருப்பார்” என்பது அருகிலுள்ள பலன். மூன்றாவது, மாறாத நேரமும் மாறாத அடையாளமும் அமைத்தல். ஒரே வேளையில் ஒலிக்கும் மணியோ, ஒரே வேளையில் வந்து அழைக்கும் துணையோ, முடிவெடுக்கும் சுமையையே நீக்கிவிடுகிறது. தாமாகத் தொடங்க இயலாதவர், பிறர் தொடங்கிவைத்தால் தொடர்ந்து செய்வதைக் குடும்பத்தார் பலமுறை காணலாம்.

நான்காவது, பிறருக்குப் பயன்படும் பணி ஒன்றை ஒப்படைத்தல். பேத்திக்குப் பாடம் சொல்லித் தருதல், சந்நிதிக்குப் பூத்தொடுத்தல், அன்னதானத்துக்குக் காய் நறுக்குதல் போன்ற சிறு பணிகள் போதும். “உங்களால் எனக்கு இது ஆக வேண்டும்” என்ற சொல்லுக்கு உள்ள ஆற்றல், “சும்மா இருக்காதீர்கள்” என்ற சொல்லுக்கு இல்லை.

இவற்றுக்கும் மேலாக, ஏச்சைத் தவிர்த்தல் வேண்டும். ஏச்சு, செலவுத் தட்டில் மேலும் ஒரு கல்லை வைக்கிறது. பலன் தட்டில் எதையும் வைப்பதில்லை. சில வாரங்களாகியும் மாற்றம் காணவில்லையாயின், நரம்பியல் மருத்துவரையோ முதியோர் மருத்துவரையோ அணுகுவது வீட்டாரின் கடமை. மருத்துவரிடம், “சோம்பலாக இருக்கிறார்” என்று சொல்வதோடு நில்லாமல், முன்பு எவற்றைத் தாமாகச் செய்தார், எப்போது முதல் செய்வதில்லை, தூண்டினால் செய்கிறாரா என்னும் மூன்று செய்திகளையும் எழுதி எடுத்துச் சென்றால் நோயை அறிவது எளிதாகும். அந்தச் சிறு தாளில் எழுதுவதற்காக ஒரு வாரம் அவரை உற்றுநோக்கும்போதே, அவர்மீது இருந்த கோபம் பெரிதும் கரைந்துபோகும்.